ஐ.டி.ஐ. முடித்தபின் அப்ரண்டிஸ்: என்.ஏ.சி. கைக்கு வர என்னென்ன வேண்டும்?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மயிலாடுதுறைப் பக்கம். தம்பி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் இரண்டு வருடமும் முடித்து என்.டி.சி. (தேசிய தொழிற்சான்றிதழ்) வாங்கிவிட்டான். கேம்பஸில் ஓரகடத்தில் இருக்கும் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனி எடுத்திருக்கிறது. "ஒரு வருட அப்ரண்டிஸ், முடித்ததும் சர்டிபிகேட்" என்று சொன்னார்கள். கையில் கொடுத்தது லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம் மட்டும்தான். மாதம் 14,500 ரூபாய், அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகும், ஹாஸ்டலும் கேன்டீனும் உண்டு என்று போட்டிருக்கிறது.

இன்னொரு பக்கம் ரயில்வே அப்ரண்டிஸ் அறிவிப்புக்கும் விண்ணப்பித்திருக்கிறான். பட்டியல் இன்னும் வரவில்லை. கம்பெனியோ வரும் வியாழக்கிழமையே சேரச் சொல்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கம்பெனி கொடுக்கும் சர்டிபிகேட்டும், அரசு அங்கீகாரமுள்ள அப்ரண்டிஸ் சான்றிதழான என்.ஏ.சி.யும் ஒன்றா? ஒரு வருடம் ஓட்டினாலே கிடைத்துவிடுமா, பரீட்சை உண்டா? இதில் சேர்ந்தால் ரயில்வே வாய்ப்பு போய்விடுமா? வீட்டில் இதைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் பயிற்றுநர்

வணக்கம் அம்மா. நான் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். அப்ரண்டிஸ் பையன்களின் ஒப்பந்தம், வருகை, தேர்வு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும்.

முதலில் ஒன்று. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்போம் என்கிறார்கள் அல்லவா? தொழிற்பழகுநர் சட்டம் 1961-இன் கீழ் சேர்க்கப்படுபவருக்கு அந்த இரண்டு பிடித்தமும் கிடையாது. சட்டப்படி அவர் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அவருக்குத் தருவதும் சம்பளம் ஆகாது, உதவித்தொகை. ஆகவே உங்கள் தம்பியை அவர்கள் எடுப்பது பெரும்பாலும் 'கம்பெனி டிரெய்னி'யாகத்தான். அது தவறான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் முடிவில் வருவது அனுபவச் சான்றிதழ். என்.ஏ.சி. வராது.

என்.ஏ.சி. என்பது தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ். அது வர வேண்டுமானால் மூன்றும் நடக்க வேண்டும். சேரும்போதே பையனுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் போட்டு, அதை மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் ஏற்றி, தொழிற்பழகுநர் ஆலோசகர் (இதைக் கவனிக்கும் அரசு அதிகாரி) பதிவு செய்திருக்க வேண்டும். இதைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது. பையன் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் அந்தத் தொழிற்பிரிவுக்கு வகுத்த காலம் முழுவதையும் வருகைக் குறைவில்லாமல் முடிக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டருக்கு வழக்கமாக ஒரு வருடம். கடைசியாக அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறவும் வேண்டும். மூன்றில் எது விடுபட்டாலும் சான்றிதழ் வராது.

ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது தொழிற்பிரிவின் பெயரையும் உற்றுப் பாருங்கள். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்றவை அரசு குறித்துவைத்த தொழிற்பிரிவுகள். அவற்றுக்குத்தான் இந்தத் தொழில் தேர்வும் என்.ஏ.சி.யும். 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 'விருப்பத் தொழிற்பிரிவு' என்று ஒரு வகை வந்தது. அதில் பாடத்திட்டத்தைக் கம்பெனியே வகுத்துக்கொள்ளலாம். 'அசெம்பிளி ஆப்பரேட்டர்' மாதிரியான பெயர்களில் வருவதில் பல இந்த வகை. அதற்கு வரும் சான்றிதழ் வேறு. இரண்டு வருடம் ஃபிட்டர் படித்த பையனுக்கு ஒப்பந்தத்தில் 'ஃபிட்டர்' என்று இருப்பதே நல்லது.

இதை ஒரு வருடம் கழித்துக் கேட்டுப் பயனில்லை. சேரும் வாரமே ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இருந்தால் போர்ட்டலில் பையனின் கணக்கில் அவனே பார்த்துக்கொள்ளலாம். "வரும், பிறகு தருகிறோம்" என்றால் அந்தப் பதிலையே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

ஓரகடம் லைன்

அக்கா, பயிற்றுநர் ஐயா சொன்ன அந்த எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் இங்கே வேறொரு கம்பெனியில் ஒரு வருடம் முழுதாக முடித்தேன். அடையாள அட்டையில் 'அப்ரண்டிஸ்' என்றே அச்சடித்திருந்தது. கன்வேயரில் போல்ட் டைட் செய்வதைத் தவிர வேறு எதையும் அவர்கள் காட்டவில்லை. டார்க் ரெஞ்சைப் பிடித்தால் இரவு ஷிஃப்ட் முடியும்வரை அதே வேலைதான். ஆள் வராத நாளில் ஓ.டி.யும் (கூடுதல் நேர வேலை) பார்க்கச் சொன்னார்கள்.

முடிந்த பிறகு தேர்வு எப்போது என்று ஹெச்.ஆர்.இடம் கேட்டேன். எந்தத் தேர்வு என்று திருப்பிக் கேட்டார். போர்ட்டலில் என் ஆதாரைப் போட்டுத் தேடினால் ஒப்பந்தமே இல்லை. என்னோடு சேர்ந்த அத்தனை பேர் நிலைமையும் இதுதான். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார், ஆனால் "பதிவே ஆகாத பயிற்சிக்கு நான் எதை வைத்துத் தேர்வுக்கு அனுப்புவது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த வருடம் திரும்பி வராது.

அடையாள அட்டையில் அச்சடித்திருப்பதை வைத்து யாரும் நம்பிச் சேராதீர்கள்.

காவிரிக்கரை

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. பி.எஃப். விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அதை நல்ல அறிகுறி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாளை ஹெச்.ஆருக்குப் போன் செய்கிறேன். அதுவரை அந்தத் தேர்வைப் பற்றி யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? ஐ.டி.ஐ.யிலேயே ஒரு தேர்வு எழுதிவிட்டானே, மறுபடியும் அதேதானா?

பொன்மலை ஃபிட்டர்

சகோதரி, நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸ் முடித்தவன். உங்கள் ஊர்ப் பக்கத்துத் தொடர்பு இதற்கு உண்டு. இந்தப் பணிமனை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது, 1928-இல்தான் பொன்மலைக்கு வந்தது. எங்கள் செக்‌ஷனில் தாத்தா காலத்திலிருந்தே நாகப்பட்டினத்துக் குடும்பங்கள் உண்டு.

தேர்வின் பெயரும் பாடமும் ஐ.டி.ஐ.யில் பார்த்த மாதிரியே இருக்கும். ஆனால் எதிர்பார்ப்பு வேறு. எழுத்துத் தேர்வு இப்போது கணினியில், கேள்விக்கு நான்கு விடை கொடுத்திருப்பார்கள். செய்முறையைப் பயிற்சி நடக்கும் இடத்திலேயே மதிப்பிட்டு மதிப்பெண்ணை ஏற்றுகிறார்கள். செய்முறையிலும், பயிற்சிக் காலத்தில் அவ்வப்போது வைக்கும் மதிப்பீட்டிலும் 60 சதவீதம் வேண்டும். மற்ற பாடங்களில் 33 சதவீதம். கருணை மதிப்பெண் கிடையாது என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே எழுத்தில் எத்தனை வாங்கினாலும், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் முன்னால் கை நடுங்கினால் காப்பாற்ற வழியில்லை.

ஃபிட்டருக்கு வழக்கமாக வருவது ஆண் பெண் பொருத்தம், அதாவது ஒரு துண்டை இன்னொன்றின் வெட்டுக்குள் கச்சிதமாக உட்கார வைப்பது. சதுரப் பொருத்தம், டவ்டெயில் (புறா வால் வடிவம்), அறுகோணம் என்று ஏதாவது ஒன்று. இரண்டு எம்.எஸ். தகடு, ஒரு வரைபடம், குறிப்பிட்ட நேரம். அளவில் கூட்டியோ குறைத்தோ 0.04 மி.மீ. வரைக்கும்தான் விடுவார்கள், கோணத்தில் 30 நிமிடம், அதாவது அரை டிகிரி. இதைச் சொல்லும்போது சுலபமாகத் தெரியும். டவ்டெயிலின் உள் மூலையில் ஃபைல் சரியாகப் போகாது. அங்கே கொஞ்சம் பொருள் தங்கிவிடும், வெளியே எல்லாம் அளவு சரியாகக் காட்டும், பொருத்தினால் மட்டும் உட்காராது. உடனே பையன்கள் பதறி வெளிப்பக்கத்தை ராவிவிடுவார்கள். அதோடு இடைவெளி விழுந்துவிடும். எங்கள் சார்ஜ்மேன் அதற்கு விடவே மாட்டார். ப்ருஷ்யன் ப்ளூ என்ற நீல மையை மெல்லியதாகப் பூசி, பொருத்தி, எடுத்துப் பார்க்கச் சொல்வார். நீலம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அந்தப் புள்ளியை மட்டும் எடு, மறுபடி பூசு, மறுபடி பார். முடிந்தபின் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடுக்கு வழியாக ஒளிக்கோடு தெரிகிறதா என்று பார்ப்பார். கோடு தெரிந்தால் திரும்பக் கொடுத்துவிடுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். பிசிறு எடுக்காமல் வேலையை நீட்டினாலும் அதே கதைதான்.

இந்தப் பழக்கம் கையில் ஏற நாள் வேண்டும். ஓரகடம் தம்பி சொன்ன மாதிரி வருடம் முழுக்க ஒரே போல்ட்டை முறுக்கினால் எங்கிருந்து வரும்? அதனால்தான் ஒப்பந்த எண்ணோடு இன்னொன்றையும் கேளுங்கள் என்கிறேன். கம்பெனிக்குள் தனியாகப் பயிற்சிக் கூடம் உண்டா, அங்கே வைஸும் மார்க்கிங் டேபிளும் உண்டா, வாரத்தில் எத்தனை நாள் அங்கே விடுவார்கள்? இதற்குத் தெளிவான பதில் வந்தால் இடம் நல்ல இடம்.

தினசரிக் குறிப்பேட்டையும் சும்மா நினைக்க வேண்டாம். அன்றைக்கு என்ன வேலை, என்ன கருவி, என்ன அளவு, படம் என்று அன்றைக்கே எழுதி மேற்பார்வையாளர் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். மொத்தமாக மாதக் கடைசியில் எழுதுபவன் வேலையை மறந்துவிட்டுத்தான் எழுதுவான்.

இ-சேவை நடத்துபவர்

ஃபைல், வைஸ் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் சான்றிதழ் தடைபட்டு என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை ஒன்றே ஒன்று, இனிஷியல்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முருகன் செ' என்று இருக்கும். ஆதாரில் 'செல்வம் முருகன்'. வங்கிக் கணக்கில் 'எஸ் முருகன்'. ஐ.டி.ஐ.யில் சேர்த்தவர் இனிஷியலை முன்னால் போட்டிருப்பார். நம் ஊரில் இது நான்கும் ஒரே ஆள் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியும், போர்ட்டலுக்குத் தெரியாது. ஆதாரோடு பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடும். பிறந்த தேதியிலும் இதே கதை உண்டு.

ஆகவே சேர்வதற்கு முன்பே ஒரு தாளில் நான்கு ஆவணங்களிலும் உள்ள பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதியை ஆங்கில எழுத்துக்கு எழுத்து எழுதிப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதே சுலபம். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை. ஆதார் சரியானதும் வங்கியில் போய் அதே மாதிரி மாற்றி, கணக்கை ஆதாரோடு இணைத்துவிடுங்கள். தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு தரும் பங்கு இப்போது நேராகப் பையனின் கணக்குக்கே வருகிறது. உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. பெயர் பொருந்தாமல் போனால் அந்தப் பணமும் நின்றுவிடும்.

மொபைல் எண், மின்னஞ்சல் இரண்டும் பையனுடையதாகவே இருக்கட்டும். தேர்வு நுழைவுச்சீட்டு, மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் அந்தக் கணக்கு வழியாகத்தான். யாரோ ஒரு ஏஜெண்ட்டின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, கடவுச்சொல் தெரியாமல் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ராணிப்பேட்டை அப்பா

எல்லாம் சரி. நான் ஒரு அப்பாவாகக் கேட்கிறேன். என் மகனும் ஐ.டி.ஐ. முடித்தான். அப்ரண்டிஸ் போனால் ஏழாயிரத்துச் சொச்சம், கான்ட்ராக்டில் போனால் பதினாலு பதினைந்து. வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் பஸ் செலவு போக ஏழாயிரத்தில் என்ன மிஞ்சும்? சான்றிதழ் வாங்கினவனுக்கு வேலை நிச்சயம் என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா? இல்லையே. ஒரு வருடம் பாதிக் கூலிக்கு வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குத்தானே வரப்போகிறான்? காவிரிக்கரை அம்மா, வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காகிதத்துக்காகப் பையனைப் பட்டினி போடாதீர்கள்.

அம்பத்தூர் பயிற்றுநர்

ஐயா கேட்பது நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன்.

2019-இல் திருத்திய விதியின்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். இரண்டாம் வருடம் இருந்தால் 10 சதவீதம் கூடும். 2025-இல் மத்திய தொழிற்பழகுநர் மன்றம் இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. சேரும் நாளில் நடப்பில் உள்ள தொகையைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். இது குறைந்தபட்சம்தான், இதற்கு மேல் தர எந்தத் தடையும் இல்லை. பெரிய கம்பெனிகள் பல மேலேயே தருகின்றன, ஹாஸ்டலும் தருகின்றன. கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

வேலை உத்தரவாதம் சட்டத்தில் இல்லை என்பதும் உண்மை. 22-ஆம் பிரிவின்படி, முடித்த பயிற்சியாளரை எடுப்பதற்கான கொள்கையைக் கம்பெனியே வகுத்துக்கொள்கிறது. ஒப்பந்தத்தில் வேலை தருவதாக எழுதியிருந்தால்தான் அது கம்பெனியைக் கட்டும்.

ஆனால் 'பாதிக் கூலிக்கு வேலை' என்று சொன்னீர்கள் பாருங்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படி நடக்கிறது, நடக்கும் இடத்தில் அது சட்ட மீறல். ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓ.டி. பார்க்க வைக்கக் கூடாது, அனுமதியும் பயிற்சி நலனுக்கோ பொது நலனுக்கோ என்றால்தான் தருவார். அடிபட்டால் 16-ஆம் பிரிவின்படி இழப்பீடு தர வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. முன்னேற்றப் பதிவேடு வைக்க வேண்டியதும் அவர்களே. முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். பையனை எடுப்பது அவர்கள் செய்யும் தயவு இல்லை, கடமை.

பொன்மலை ஃபிட்டர்

ராணிப்பேட்டை ஐயா, காகிதம் என்று நீங்கள் சொன்னது வருத்தமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். ரயில்வே பணிமனைகளில் முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல் 1 (அடிப்படை நிலை) பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. தேர்வு எழுத வேண்டும், ஆனால் நாட்டில் உள்ள எல்லோரோடும் முட்டிமோத வேண்டியதில்லை. அதற்கு நுழைவுச்சீட்டே இந்த என்.ஏ.சி.தான். பத்தாம் வகுப்போடு அப்ரண்டிஸ் முடித்தவர் உதவி லோகோ பைலட் தேர்வுக்கே விண்ணப்பிக்கலாம், அதற்குரிய தொழிற்பிரிவாக இருந்தால் போதும். பின்னால் ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராகப் போகவும் இது உதவும். என்னோடு இருந்த ஒருவர் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் பயிற்றுநர் படிப்பும் முடித்து இன்று பாடம் எடுக்கிறார்.

எல்லோருக்கும் இது நடக்கும் என்று நான் சொல்லவில்லை. முடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. ஆனால் சான்றிதழ் இல்லாதவன் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது.

ராணிப்பேட்டை அப்பா

தம்பி, உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. அந்த 20 சதவீதம் எனக்குப் புதுச் செய்தி. ஆனாலும் மாதச் செலவுக்கு வழி சொல்லாமல் பையனை அனுப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹாஸ்டல் இல்லாத இடத்தில் ஏழாயிரத்தை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. இதில் என் எண்ணம் மாறவில்லை.

தரமணி டிப்ளமோ

டிப்ளமோ, பி.இ. முடித்தவர்கள் இந்த இழையைப் படித்துக் குழம்பக் கூடாது என்பதற்காக ஒரு தகவல். நமக்கு வழி வேறு. தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்தான் பார்க்கிறது. போர்ட்டலும் வேறு. ஒரு வருடம் முடித்தால் கடைசியில் அகில இந்தியத் தேர்வு கிடையாது, காலாண்டு அறிக்கைகளைக் கம்பெனி ஒழுங்காக அனுப்பினால் வாரியம் தேர்ச்சிச் சான்றிதழ் தரும். அதை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியலாம், ஒரு வருட அனுபவமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். போக்குவரத்துக் கழகங்களும் மின்வாரியமும் எடுப்பதில் பெரும்பகுதி இந்த வழிதான். குறைந்தபட்சம் டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று அதே 2019 விதியில் இருக்கிறது.

மதுரை வயர்மேன்

நான் ஐ.டி.ஐ. போகவில்லை. சின்ன வயதிலிருந்தே மாமாவோடு வயரிங் வேலை. இப்போது நாற்பது தாண்டிவிட்டது. என்னைப் போன்றவன் இனிமேல் அப்ரண்டிஸ் சேர்வது கஷ்டம். சான்றிதழ் வாங்க வேறு வழி உண்டா? கான்ட்ராக்டர்கள் இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறார்கள்.

அம்பத்தூர் பயிற்றுநர்

உண்டு ஐயா, உங்களுக்கு இரண்டு வழி. முதலாவது, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிரம்பி, வயரிங்கில் ஐந்து வருடத்துக்குக் குறையாத அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது, அறிவிப்பு வரும்போது பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் விண்ணப்பம் கிடைக்கும். உங்கள் தொழிலுக்கு உடனே பயன்படுவது இதுதான்.

இரண்டாவது, அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. இதற்கும் 21 வயதும், அந்தத் தொழிற்பிரிவில் மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். நம் மாநிலத்தில் முதல்நிலைத் தேர்வு ஒன்று வைத்து, அதில் தேறியவரை முதன்மைத் தேர்வுக்கு அனுப்புகிறார்கள். தேறினால் வருவது என்.டி.சி., ஐ.டி.ஐ. படித்தவர் வாங்கும் அதே சான்றிதழ். கையில் வேலை இருக்கிறது உங்களிடம். கணக்கும் வரைபடமும்தான் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.

மதுரை வயர்மேன்

ரொம்ப நன்றி ஐயா. திங்கட்கிழமையே புதூர் ஐ.டி.ஐ.க்குப் போய்க் கேட்கிறேன்.

காவிரிக்கரை

ஹெச்.ஆரிடம் பேசிவிட்டேன். முதலில் "எல்லாம் ஒன்றுதான் மேடம்" என்றார். ஒப்பந்தப் பதிவு எண் எப்போது தருவீர்கள், தொழிற்பிரிவு ஃபிட்டர் என்று இருக்குமா என்று கேட்டதும் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு வேறொருவர் பேசினார். அவர் தெளிவாகவே சொன்னார். இந்தத் தடவை எடுப்பது டிரெய்னிகளை, இதில் என்.ஏ.சி. கிடையாது. சட்டப்படியான அப்ரண்டிஸ்களைத் தனியாக எடுக்கிறார்கள், அதற்கு உதவித்தொகை 10,000 ரூபாய், ஹாஸ்டல் உண்டு, ஆனால் அந்தச் சேர்க்கை இரண்டு மாதம் கழித்துத்தான்.

பொன்மலை அண்ணா, ரயில்வே பட்டியல் வரும்வரை தம்பி இந்த டிரெய்னி வேலையில் இருந்தால் அதற்கு ஏதாவது தடை வருமா?

பொன்மலை ஃபிட்டர்

நல்ல கேள்வி சகோதரி, இதைத்தான் எல்லோரும் கவனிக்கத் தவறுகிறார்கள். ஏற்கெனவே தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பயிற்சி முடித்தவரும், இப்போது பயிற்சியில் இருப்பவரும் விண்ணப்பிக்க முடியாது என்று ரயில்வே அறிவிப்புகளில் இருக்கும். டிரெய்னி வேலை அந்தச் சட்டத்தின் கீழ் வராது, ஆகவே அது இதில் குறுக்கிடாது. ஆனால் அந்தக் கம்பெனியின் அப்ரண்டிஸ் சேர்க்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ரயில்வே கதவு மூடிவிடும். எது வேண்டும் என்று அப்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

ரயில்வேயில் இதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது, மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல். தம்பியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் எப்படி? வயது வரம்பு 24 வரை, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தம்பிக்கு இன்னும் வருடம் இருக்கிறது. இந்தத் தடவை வராவிட்டால் பெரம்பூர், போத்தனூர், ஐ.சி.எஃப். அறிவிப்புகளையும் விடாமல் பாருங்கள்.

காவிரிக்கரை

பத்தாம் வகுப்பில் 81 சதவீதம் அண்ணா. வியாழக்கிழமை டிரெய்னியாகச் சேர்கிறான். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றார்கள், நகல் மட்டும் தருவதாகச் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். பட்டியலில் பெயர் வந்தால் பொன்மலை. வராவிட்டால் அந்த அப்ரண்டிஸ் சேர்க்கையா, அடுத்த ரயில்வே அறிவிப்பா என்று அப்போது உங்களிடமே கேட்கிறேன். இ-சேவை அண்ணன் சொன்னபடி தாளில் எழுதிப் பார்த்தோம், ஆதாரில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தவறாக இருக்கிறது. நாளை திருத்தப் போகிறோம்.

கோவை வெல்டர்

இழை முடிவதற்குள் என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். நான் வெல்டர் அப்ரண்டிஸ், ஒப்பந்தம் பதிவாகி எண்ணும் இருக்கிறது. நடுவில் மஞ்சள்காமாலை வந்து நிறைய நாள் போக முடியவில்லை. வருகை குறைந்துவிட்டது. தேர்வுக்கு விட மாட்டார்களா? எழுதி ஃபெயில் ஆனால் என்ன ஆகும்?

அம்பத்தூர் பயிற்றுநர்

பயப்படாதீர்கள் தம்பி. நோய் மாதிரி கைமீறிய காரணத்தால் காலத்துக்குள் முடிக்க முடியாமல் போனால் பயிற்சிக் காலத்தை நீட்டிக்க விதியில் இடம் இருக்கிறது. மருத்துவச் சான்று, ரத்தப் பரிசோதனை முடிவு, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் இணைத்து, நீட்டிப்புக் கேட்டு இப்போதே பயிற்சிப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு கேட்டால் சிக்கல்.

தேறாமல் போனாலும் நீங்கள் எழுதிக் கேட்டால் அடுத்த தேர்வு வரை கம்பெனி நீட்டிக்கலாம். அது அவர்கள் விருப்பம், ஆனால் கேட்காமல் யாரும் தருவதில்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை தேர்வு நடத்துவது வழக்கம், மாதம் முன்பின்னாக நகரும், போர்ட்டலில் கண் வைத்திருங்கள். உடம்பு தேறியதும் முதலில் ஓவர்ஹெட் வெல்டிங்கைப் பழகுங்கள். படுத்திருந்த பிறகு கை முதலில் மறப்பது அதைத்தான்.

கோவை வெல்டர்

கடிதம் இன்று மாலையே கொடுத்துவிடுகிறேன் ஐயா. டாக்டர் சீட்டுகள் எல்லாம் அம்மாவிடம் பத்திரமாக இருக்கின்றன.